தோடிக்கு 8192 போதுமா?

வீட்டில் லேப்டாப் வைத்து இசை செய்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே ப்ளக்-இன் (இசை மென்பொருளோடு ஒட்டவைக்கும் துணைக் கருவி) பக்கம் திரும்பிவிடும். எந்த ரிவெர்ப் (அறையின் எதிரொலியைச் சேர்ப்பது) நல்லது, எந்த வயலின் லைப்ரரி (பதிவு செய்த சுரங்களின் தொகுப்பு) நிஜ வயலின் மாதிரியே இருக்கிறது, தள்ளுபடி எப்போது வரும். நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃப்ரைடேக்காகவே வருஷம் பூராவும் காசு சேர்த்து வைப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் போட்ட பாட்டைக் கேட்டால் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. சுரம் சரி, தாளம் சரி, ஒலியும் பளிச்சென்று இருக்கும். ஆனாலும் ஒரு கீபோர்டு வாடை அடிக்கும். தோடி மாதிரியான ராகம் சார்ந்த மெட்டு என்றால் அந்த வாடை இன்னும் தூக்கல்.

என்னைக் கேட்டால், இதற்குக் காரணம் ப்ளக்-இன் பற்றாக்குறை இல்லை. இசை மென்பொருளில் புதிதாக ஒரு ப்ராஜெக்டைத் திறக்கும்போதே பல முடிவுகள் நமக்காக எடுக்கப்பட்டுவிடுகின்றன. ஸ்தாயியைச் சமமாக 12 துண்டாக வெட்டிய சுரங்கள். 4/4 தாளம். நிமிடத்துக்கு 120 அடி. அடிக்குள் இரண்டு, நான்கு என்று இரட்டைப்படைக் கட்டங்கள். ஏ என்ற சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ். இதில் எதையும் நாம் கேட்டு வாங்கவில்லை. எல்லாவற்றையும் மாற்றலாம், அதுவும் அநேகமாகப் பைசா செலவில்லாமல். ஆனால் புது ப்ளக்-இன் வாங்குவதில் இருக்கும் சந்தோஷம் செட்டிங்ஸைக் குடைவதில் இல்லையே.

நான் பயன்படுத்துவது ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள். பழைய பாட்டுக் கேட்கும் மென்பொருள் வின்ஆம்ப் ஞாபகம் இருக்கிறதா? அதை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கல்தான் இதையும் எழுதினார். தனிநபர் உரிமம் 60 டாலர். முதல் 60 நாள் சும்மா பார்க்கலாம். அதற்குப் பிறகும் பூட்டிக்கொள்ளாது, திறக்கும்போதெல்லாம் 'இன்னும் வாங்கவில்லையா' என்று மட்டும் கேட்கும். ஈக்யூ (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது), ரிவெர்ப், சுருதி திருத்தும் கருவி எல்லாம் கூடவே வருகின்றன. பார்க்க அழகாக இருக்காது, அவ்வளவுதான். சின்தசைசருக்கு (ஒலியை மின்னணு முறையில் உருவாக்கும் கருவி) சர்ஜ் எக்ஸ்டி. அது முழுக்க இலவசம். ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் வீட்டோடு ஒட்டி பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டூடியோவைக் கட்டிய காலத்தில் வீட்டில் ஒலிப்பதிவு என்பது பெரிய முதலீடு. இன்றைக்குக் கருவி இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

சரி, தலைப்பில் சொன்ன தோடி ராகத்துக்கும் 8192 என்ற எண்ணுக்கும் வருவோம்.

1983-இல் மிடி வந்தது. வெவ்வேறு கம்பெனிகளின் கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காக ரோலண்ட் நிறுவனர் இக்குடாரோ காக்கேஹாஷியும் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் டேவ் ஸ்மித்தும் முன்னின்று கொண்டுவந்த ஏற்பாடு. 2013-இல் அதற்காக இருவருக்கும் டெக்னிக்கல் கிராமி கிடைத்தது. மிடி ஒலியைச் சுமப்பதில்லை. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக, எப்போது விடப்பட்டது என்ற தகவல்தான் அதில் ஓடுகிறது. கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டால், அந்த எண்களைப் பொறுத்தவரை ஒன்றுமே இல்லை.

நமக்கு இது புதிய தகராறு இல்லை. 1940-இல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தடை செய்தபோது சொல்லப்பட்ட குறையும் இதுதான்: கட்டைக்கும் கட்டைக்கும் இடையில் போக வழியில்லை, கமகம் (சுரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடுவது) பேசாது. அந்தத் தடை தளர 1970-கள் ஆயின. அதே ஐரோப்பாவிலிருந்து வந்த வயலினை மட்டும் யாரும் தடுக்கவில்லை, அதில் விரல் வழுக்குகிறது என்பதால். ஹார்மோனியத்துக்கு இல்லாத ஒரு வசதி மிடி கீபோர்டுக்கு உண்டு. அதுதான் சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம். மேடையில் கர்நாடக இசையைக் கீபோர்டில் வாசிப்பவர்களின் இடது கையைப் பாருங்கள், அது பெரும்பாலும் அந்தச் சக்கரத்தில்தான் இருக்கும்.

சக்கரத்தின் நிலையை மிடி 0 முதல் 16383 வரை எண்ணாக அனுப்புகிறது. நடுநிலை 8192. அந்த எண்ணுக்கு எவ்வளவு தூரம் சுரம் விலக வேண்டும் என்பதை ஒலி எழுப்பும் சின்தசைசர் தீர்மானிக்கிறது. வழக்கமான எல்லை மேலே 200 சென்ட், கீழே 200 சென்ட். (ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு 100 சென்ட்.) இப்போது தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏட்டில் அது 'சாதாரண காந்தாரம்' என்ற வகை, ஷட்ஜத்திலிருந்து ஏறக்குறைய 300 சென்ட். பாட்டில் யாரும் அந்த 300-இல் போய் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையில் அசைத்துத்தான் பாடுகிறார்கள். சுத்த ரிஷபம் 100-க்குப் பக்கம், சுத்த மத்திமம் 500-க்குப் பக்கம். காந்தாரக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை அடிவரை இழுத்தால் ரிஷபம், உச்சிவரை தள்ளினால் மத்திமம். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது! இந்த எல்லையைப் பழக்கமாக்கியவர்கள் தோடியைக் கேட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

ஆனால் எல்லை பொருந்துவதால் மட்டும் தோடி வந்துவிடாது. மாடுலேஷன் சக்கரத்தை ஏற்றினால் சின்தசைசர் தானாகவே சுரத்தை ஆட்டும். அந்த ஆட்டம் சீரான அலை; மேலே போன அளவு கீழே, போன நேரமே வரும் நேரம். மேற்கத்திய வைப்ரேட்டோ அது. காந்தாரத்தை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் நடுங்கும். தொண்டையில் வரும் கம்பிதம் என்ற அசைவு அப்படி இல்லை. ஒரு முனையில் கொஞ்சம் தங்கும், நடுப்பகுதியைச் சட்டென்று கடக்கும், மறுமுனையைத் தொட்டும் தொடாமலும் திரும்பும். முதல் அசைவின் அகலம் இரண்டாவதற்கு இராது. சொல்லின் முடிவில் எந்தச் சுரத்துக்குப் போகப் போகிறோமோ அதை ஒட்டிக் கடைசி அசைவு வளையும்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க முடியும் என்பது கணினி கொடுத்த பெரிய வசதி. லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தில் உருவான சோனிக் விஷுவலைசர் இலவச மென்பொருள். பாடிய ஒரு துண்டை அதில் போட்டு, சுருதியைப் பின்தொடரும் கருவி ஒன்றை ஓட்டினால் குரலின் பாதை வரைகோடாக வரும். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில் நடந்த காம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டம் கர்நாடகக் கச்சேரிப் பதிவுகளையே எடுத்து இந்த மாதிரி அலசியது. அந்த அளவுக்கெல்லாம் நமக்கு வேண்டாம். நான்கு விநாடி சங்கதி ஒன்றைப் பாடி, அதன் கோட்டைப் பார்த்து, அதே வடிவத்தை ரீப்பரின் பிட்ச் பெண்ட் வரிசையில் மௌஸால் வரைந்தால் போதும். முதல் தடவை மெனக்கெட வேண்டும். அப்புறம் கை பழகிவிடும். வரைந்ததைப் பெயர் போட்டுச் சேமித்து வைத்தால் அடுத்த தோடிக்கு அதையே இழுத்துப் போட்டுக் கொஞ்சம் நீட்டிக் குறுக்கிக்கொள்ளலாம். அப்படியே ஒட்டினால் மட்டும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரே கமகம் ஒரே அச்சில் இரண்டு தடவை வந்தால் காது உடனே முகம் சுளிக்கும்.

ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஜாருவாக, அதாவது வழுக்கியபடி, ஏற வேண்டுமென்றால் 200 சென்ட் போதாது. சின்தசைசரில் எல்லையை 12 கட்டைக்கு மாற்றுங்கள். ஒரு பக்கம் 8192 படிகள், அதில் 1200 சென்ட். ஒரு படிக்கு 0.15 சென்ட். எந்தக் காதும் அந்தப் படியைக் கண்டுபிடிக்காது. ஆக, தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில், தாராளமாகப் போதும். இப்போது எம்பிஇ (மிடி பாலிஃபோனிக் எக்ஸ்ப்ரெஷன்) என்ற புதிய முறை இருக்கிறது, 2018-இல் ஏற்கப்பட்டது. ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியாக வளைவு கொடுக்கலாம். அதற்கென்று விலை உயர்ந்த கீபோர்டுகளும் விற்கிறார்கள். நம் மெட்டுக்கு அது கட்டாயம் இல்லை என்பது என் எண்ணம். ஒரு நேரத்தில் ஒரு சுரம் பாடும் இசைக்குப் பழைய பிட்ச் பெண்டே போதும். அடியில் கார்டு (பல சுரங்களை ஒரே நேரத்தில்) வாசிக்க வேண்டுமா, அதைத் தனி ட்ராக்கில் போட்டுவிடுங்கள்.

பணம் போவது பெரும்பாலும் இன்னொரு இடத்தில். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய வயலின் லைப்ரரியில் இந்த வளைவைக் கொடுத்தால் கோரமாக இருக்கும். காரணம், அதில் உள்ள ஒவ்வொரு சுரமும் யாரோ ஒருவர் வைப்ரேட்டோவோடு வாசித்துப் பதிவு செய்தது. ஆடிக்கொண்டிருப்பதைப் பிடித்து நாம் மறுபடி ஆட்டுகிறோம். போதாததற்கு, வயலின் உடம்பின் அதிர்வும் சேர்ந்து மேலும் கீழும் போகிறது. நிஜ வயலினில் விரல்தான் நகரும், பெட்டி நகராது. வைப்ரேட்டோ இல்லாத சாம்பிள் (பதிவு செய்த சுரம்) இருந்தால் அதை எடுங்கள். இல்லையென்றால் சர்ஜில் சாதாரணமான ஒரு ரம்ப அலையை எடுத்து, ஃபில்டரால் முனையை மழுக்கி, வளைவைக் கொடுத்துப் பாருங்கள். அது வயலின் மாதிரி இருக்காது. ஆனால் தோடி மாதிரி இருக்கும்.

இனி சுருதி. தம்புராவை ஒரு ட்ராக்கில் ஓடவிட்டு அதன் மேல் கீபோர்டில் மாயாமாளவகௌளை வாசித்துப் பாருங்கள். சரளி வரிசை கற்ற எல்லோருக்கும் அந்த அந்தர காந்தாரம் தெரியும், அசையாமல் நீண்டு நிற்கும். ஹெட்ஃபோனில் கேட்டால் அந்தச் சுரம் வந்ததும் ஒரு நடுக்கம் கேட்கும். ஏன்? ஒரு கட்டை சுருதியில் (கீபோர்டின் சி) தம்புராவின் சாரணி, அதாவது ஷட்ஜத் தந்தி, 130.8 ஹெர்ட்ஸ். அந்தத் தந்தி அதன் ஐந்து மடங்கான 654 ஹெர்ட்ஸையும் சேர்த்தே பாடுகிறது. அதுதான் யாரும் மீட்டாமலேயே தம்புராவில் கேட்கும் சுயம்பு காந்தாரம். கீபோர்டின் காந்தாரம் 164.8, அதன் நான்கு மடங்கு 659.3. இரண்டுக்கும் வித்தியாசம் ஐந்துக்குச் சற்று மேல். நொடிக்கு ஐந்து தடவை ஒலி ஏறி இறங்குகிறது. கீபோர்டின் காந்தாரம் 400 சென்டில் இருக்கிறது, தம்புரா கேட்பது 386-ஐ. இந்த 14 சென்டைத்தான் பலர் 'ஏதோ ஒட்டவில்லை' என்று சொல்லி, அதை மூட ரிவெர்ப்பை ஏற்றுகிறார்கள்.

தம்புராவில் இந்த மாதிரி மடங்குகள், அதாவது மேற்சுரங்கள், இவ்வளவு பலமாக வருவதற்கு அதன் குதிரையின் (தந்திகளைத் தாங்கும் பாலம்) வளைந்த மேற்பரப்பு காரணம், தந்திக்கடியில் செருகும் ஜீவாளி நூல் அதை இன்னும் கூர்மையாக்குகிறது. 1921-இல் சி. வி. ராமன் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அதற்கேற்பச் சில மேற்சுரங்கள் வராமல் போக வேண்டும் என்பது பழைய விதி. தம்புராவும் வீணையும் அந்த விதிக்கு அடங்கவில்லை என்று காட்டினார். பெங்களூரில் ராடெல் நிறுவனத்தின் ராஜ் நாராயண் 1979-இல் எலெக்ட்ரானிக் தம்புராவைக் கொண்டுவந்த பிறகு வீடுகளில் மரத் தம்புரா அரிதாகிவிட்டது. இன்று கைபேசிச் செயலிகள் நிஜத் தம்புராவின் பதிவையே ஓட்டுகின்றன. எதைப் பயன்படுத்தினாலும் சரி, ஐந்தாம் மேற்சுரம் தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லையென்றால் அதன்மேல் வைத்துச் சுருதி சேர்ப்பது கஷ்டம்.

கீபோர்டைத் தம்புராவுக்கு இறக்குவது சுலபம். ஸ்காலா என்ற வடிவத்தில் ஒரு சின்ன உரைக் கோப்பு வேண்டும். நோட்பேடில் நாமே எழுதலாம். முதல் வரி பெயர், அடுத்த வரி 12 என்ற எண், பிறகு வரிசையாக 16/15, 9/8, 6/5, 5/4, 4/3, 45/32, 3/2, 8/5, 5/3, 9/5, 15/8, 2/1. ஒரு வரிக்கு ஒன்று. சர்ஜ் எக்ஸ்டியின் ட்யூனிங் பகுதியில் இதை ஏற்றினால் அந்த ஐந்து நடுக்கமும் போயே போய்விடும். ஷட்ஜம் எந்தக் கட்டையில் என்று சொல்லக் கூடவே ஒரு மேப்பிங் கோப்பு உண்டு. ஐந்தரைக் கட்டைப் பாட்டுக்கு அது அவசியம். இந்த விகிதங்கள்தான் கர்நாடக இசையின் 'உண்மையான' சுரங்கள் என்று நான் சண்டைக்கு வரவில்லை. அசையும் சுரத்துக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நிற்கும் சுரத்துக்குத்தான் இந்த வேலை. அப்புறம், மேற்கத்திய கார்டுகளும் தம்புராவும் ஒரே நேரத்தில் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கார்டு நுழையும் இடத்தில் நான் தம்புராவைக் கிட்டத்தட்ட கேட்காத அளவுக்கு இறக்கிவிடுவேன்.

குரலுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் பாடுவது அக்கா மகள். பாட்டு கற்றுக்கொண்டவள், குரல் ஐந்தரைக் கட்டை. அவள் பாடியதன் மேல் ஒரு நாள், என்ன ஆகிறது பார்க்கலாம் என்று, சுருதி திருத்தும் கருவியைப் போட்டு, ராகத்தின் ஏழு சுரங்களை மட்டும் அனுமதித்து, வேகத்தை உச்சத்தில் வைத்துப் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டாள்.

"மாமா, இது நான் பாடினதே இல்ல. யாரோ பின்னாடி நின்னு மிரட்டிப் பாட வெச்ச மாதிரி இருக்கு."

நியாயமான விமர்சனம். சுருதி திருத்தும் ஆட்டோட்யூன் கருவியை 1997-இல் வெளியிட்ட ஆண்டி ஹில்டபிராண்ட் அதற்கு முன் எண்ணெய் தேடும் தொழிலில் இருந்தவர். பூமிக்குள் அனுப்பித் திரும்பும் அதிர்வைக் கணக்குப் போட்டு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் வேலை. அந்தக் கணிதம் குரலின் சுருதியைக் கண்டுபிடிப்பதற்கும் உதவியது. கண்டுபிடித்த பிறகு கருவி என்ன செய்கிறது என்பதில்தான் நமக்குச் சிக்கல். மிக அருகில் இருக்கும் அனுமதிக்கப்பட்ட சுரத்துக்கு இழுக்கிறது. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே வழுக்கும் குரல் அதன் கணக்கில் பிழை. வழுக்கலை வெட்டி ரி, க, ம, க, ரி என்று படிக்கட்டாக்கிவிடுகிறது. ராகத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாலும் இதுதான் நடக்கும், ஏனென்றால் ராகம் என்பது சுரப் பட்டியல் இல்லை என்று அதற்குத் தெரியாது.

அதற்காகச் சுருதி திருத்தவே கூடாது என்று சொல்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. நீண்டு நிற்கும் பஞ்சமம் 20 சென்ட் இறங்கியிருந்தால், அந்த ஒரு சுரத்தை மட்டும் வெட்டி எடுத்து ஏற்றினால் என்ன தப்பு? மெலடைன் மாதிரியான கருவிகளில் சுரத்தின் மையத்தை நகர்த்துவது ஒரு கருவி, அசைவின் அளவை மாற்றுவது இன்னொரு கருவி. முதலாவதை மட்டும் தொடுங்கள். ரீப்பரோடு வரும் ரீட்யூனிலும் கையால் கோடு போட்டுத் திருத்தும் வசதி இருக்கிறது. அதைவிட நல்ல வழி, மறுபடி பாடச் சொல்வது. ஒரு நல்ல பாடகிக்கு அதற்கு ஒரு நிமிஷம் போதும், நமக்குத் திருத்த அரை மணி நேரம் ஆகும்.

தாளத்தில் மென்பொருள் நம்மைக் கட்டிப்போடுவது கட்டங்களால். மெட்ரோனோமின் டிக் டிக் சத்தத்தில் ஆதி தாளம் இல்லை. எட்டு அடியும் ஒரே மாதிரி கேட்கும், அல்லது நான்கு நான்காக உடையும். லகு என்ற நான்கடிப் பகுதியின் தட்டு, விரல் எண்ணிக்கை, துருதம் என்ற ஈரடிப் பகுதியின் தட்டும் வீச்சும் எதுவும் அதில் இல்லை. பாடுபவர் தாளத்தைக் கையில் போட்டுப் பழகியவர். காதில் விழும் சத்தம் கைக்கு உதவாவிட்டால் இடைஞ்சல்தான். நான் என் கையையே தட்டிப் பதிவு செய்துகொண்டேன். ஒன்று, ஐந்து, ஏழாம் அடிகளில் தட்டு. இரண்டு, மூன்று, நான்கில் மேசையில் விரல் படும் மெல்லிய சத்தம். ஆறிலும் எட்டிலும் மௌனம். அதை எட்டு அடிக்கு வைத்துச் சுழலவிட்டால் பாடுபவர் முகமே மாறிவிடுகிறது.

அடுத்தது எடுப்பு, அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் இடம். நம் பாட்டில் பல சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) தொடங்குவதில்லை. அரை இடம், முக்கால் இடம் தள்ளித் தொடங்கும். பாட்டின் முதல் எழுத்தைக் கொண்டுபோய் முதல் கட்டத்தில் ஒட்டினால் மொத்தப் பாட்டும் அரை இடம் கோணலாகிவிடும்; மிருதங்கக்காரர் அதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பார். முதல் ஆவர்த்தத்தை (ஒரு முழுத் தாளச் சுற்றை) காலியாக விட்டுவிடுங்கள். கண்ட நடை வேண்டுமா? ரீப்பரின் கட்ட அளவில் 1/20 என்று எழுதுங்கள், ஒரு அடி ஐந்தாகப் பிரியும். திஸ்ரத்துக்கு (மூன்றாக) 1/12, மிஸ்ரத்துக்கு (ஏழாக) 1/28. கண்ட சாபுவும் மிஸ்ர சாபுவும் இன்னும் சுலபம், 5/8, 7/8 என்று தாளக் குறியை மாற்றினால் போதும்.

விருத்தம் (தாளமில்லாமல் பாடும் செய்யுள்) என்றால் கட்டத்தை அணைத்துவிட வேண்டியதுதான். தாளமுள்ள பாட்டிலும்கூட நான் முதலில் தம்புராவும் கைத்தட்டும் மட்டும் வைத்துப் பாடவைத்துவிட்டு, பிறகு குரலுக்கு ஏற்றபடி டெம்போ குறிகளைப் போட்டுக் கட்டங்களை நகர்த்துகிறேன். சரணத்தில் நிமிடத்துக்கு இரண்டு அடி வேகம் கூடினால் கூடட்டும். குரலைக் கட்டத்துக்கு இழுப்பதைவிடக் கட்டத்தைக் குரலுக்கு இழுப்பது வேலை அதிகம்தான். ஆனால் மேலே எத்தனை வாத்தியம் ஏற்றினாலும் அந்தப் பாட்டு மூச்சு விடும்.

மிருதங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1920-இல் ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. சாதாரணத் தோல் வாத்தியத்தின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாது, அதனால்தான் அது வெறும் சத்தமாகக் கேட்கிறது. நம் வாத்தியங்களில் தோலின் மேல் ஏற்றிய கரணை என்ற கறுப்புப் பூச்சு அந்த மேற்சுரங்களைத் தந்தி வாத்தியம் போல ஒழுங்குபடுத்துகிறது என்று அதில் விளக்கினார்கள். ஆகவே மிருதங்கத்துக்குச் சுருதி உண்டு, அது பாட்டோடு சேர வேண்டும். ப்ளக்-இன் மிருதங்கங்களில் பல ஏதோ ஒரு கட்டையில் பதிவானவை. ஒரு கட்டை கூட்டிக் குறைக்கலாம். அதற்கு மேல் போனால் பொம்மைச் சத்தம். தக்கு (தாழ்ந்த) சுருதிக்கு ஒரு மிருதங்கம், ஹெச்சு (உயர்ந்த) சுருதிக்கு ஒன்று என்று வித்வான்கள் சுமந்துகொண்டு போவது சும்மா இல்லை. என் நண்பர் ஒருவர் வாசிக்க வருவார். வலந்தலைக்கு (வலப் பக்கம்) ஒரு மைக், தொப்பிக்கு (கனமாக ஒலிக்கும் இடப் பக்கம்) ஒரு மைக். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது ஒன்றின் துருவத்தை, அதாவது அலையின் ஏற்ற இறக்கத்தை, தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். எந்த நிலையில் தொப்பி கனமாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பொத்தான் எந்த ஈக்யூவையும்விடப் பெரிய வேலை செய்யும்.

அறை, மைக் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் வேகமாகக் கடந்துவிடுகிறேன். மதுரையில், அதுவும் ஆடி மாதத்தில், அம்மன் கோயில் ஸ்பீக்கர் ஓய்ந்த பிறகுதான் பதிவு. மின்விசிறியை நிறுத்த வேண்டும், வேறு வழியில்லை. சுவரில் ஒட்டும் மெல்லிய ஸ்பாஞ்சுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பாடுபவருக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தி வைத்தாலே அறை அடங்கும். ஆனால் மெத்தையும் தாழ்ந்த ஒலியை ஒன்றும் செய்யாது, 100 ஹெர்ட்ஸின் அலை நீளம் 3.4 மீட்டர். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபெல் கூடும், அறை அப்படியே இருக்கும். காசில்லாத சிகிச்சை அது. பதிவில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டால் முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

ஹெட்ஃபோனில் தன் குரல் தாமதமாகக் கேட்கிறது என்று பாடுபவர்கள் சொன்னால் பஃபர் அளவை (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) குறையுங்கள். நொடிக்கு 44,100 மாதிரிகள் (சாம்பிள்) என்ற வேகத்தில் 256 என்றால் 5.8 மில்லி விநாடி, 1024 என்றால் 23. உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை என்று இது இரட்டிப்பாகும். பயப்படவும் வேண்டாம். ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 சென்டிமீட்டர் போகிறது. கச்சேரி மேடையில் ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கமும் பாடகர் காதுக்கு நான்கு மில்லி விநாடி தாமதமாகத்தான் வருகிறது. மில்லி விநாடிகளைப் பார்த்துப் புது லேப்டாப் வாங்கக் கிளம்புபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கடைசியாக, எல்லாம் முடித்த பிறகு பாட்டு எங்கே கேட்கப்படுகிறது? கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில். பார்த்துப் பார்த்துப் பதிவு செய்த தொப்பி அதில் காணாமல் போயிருக்கும். அந்த ஸ்பீக்கரால் தாழ்ந்த ஒலியை எழுப்பவே முடியாது. பேஸை ஏற்றினால் ஸ்பீக்கர் கரகரக்கும், தொப்பி வராது. தொப்பி ட்ராக்கில் மட்டும் லேசாக சாச்சுரேஷன் (ஒலியைச் சற்றே சிதைத்து மேற்சுரங்களைச் சேர்ப்பது) போடுங்கள். 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 200, 300, 400 என்று மேற்சுரங்கள் முளைக்கும். சின்ன ஸ்பீக்கரிலும் அவற்றில் மேலே இருப்பவை கேட்கும். அவற்றைக் கேட்டதும் அடியில் இருக்க வேண்டிய 100-ஐக் காது தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். அளவு அதிகமானால் தொப்பி டின் சத்தமாகிவிடும், அதனால் அணைத்தும் போட்டும் கைபேசியிலேயே கேட்டு முடிவு செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள். ஸ்பீக்கர் முன்னால் கைபேசியைப் பிடித்து வாய்ஸ் மெசேஜாகப் பதிவு செய்து அனுப்பும் உறவினர்களுக்கு மட்டும் என்னிடம் எந்த செட்டிங்கும் இல்லை.